போட்ஸ்வானா எப்போது ஜனநாயகம் ஆனது?



2024 அக்டோபர் 30-ஆம் நாள் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள போட்ஸ்வானாவில் பொதுத்தேர்தல் நடந்தது. 1966-இல் விடுதலை பெற்றதிலிருந்து 58 ஆண்டுகளாக அந்த நாட்டை ஆண்டது ஒரே கட்சி, போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சி. 2019-இல் 38 இடங்களைப் பிடித்திருந்த அந்தக் கட்சிக்கு இந்த முறை கிடைத்தவை வெறும் 4. அதிபர் மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டு விலகினார். எதிரணித் தலைவர் டூமா போகோ அதிபரானார். ராணுவம் தெருவுக்கு வரவில்லை.

நம் செய்தித்தாள்களில் இது உள்பக்கச் செய்தி. அரசறிவியலில் அளவீடு பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு அப்படி இல்லை. உலக நாடுகளை ஜனநாயகம், சர்வாதிகாரம் என்று இரண்டாகப் பிரித்த புகழ்பெற்ற தரவுத்தொகுப்பு ஒன்றில் போட்ஸ்வானா சர்வாதிகாரப் பக்கத்தில் இருந்தது. அங்கே குறித்த காலத்தில் தேர்தல் நடந்தது, எதிர்க்கட்சிகள் போட்டியிட்டன, நீதிமன்றங்கள் இயங்கின. இருந்தும் அந்தப் பட்டியலில் அது சர்வாதிகாரம்தான்.

அப்படி வைத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆடம் பிஷெவோர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 1996-இல் வெளியிட்ட கட்டுரையில் அந்த விதி இருக்கிறது. ஆளுங்கட்சி தேர்தலில் தோற்கக்கூடிய ஆட்சிமுறையே ஜனநாயகம் என்பது அவர்களின் வரையறை. தோற்கக்கூடும் என்பதை எப்படிக் கண்ணால் பார்ப்பது? தோற்றால்தான் தெரியும். ஆகவே ஆட்சித் தலைவர் தேர்தல் வழியாக வர வேண்டும், சட்டமன்றம் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிகள் இருக்க வேண்டும் என்ற மூன்று விதிகளோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். தொடர்ந்து வென்றுகொண்டே வரும் ஒரு கட்சி என்றைக்காவது தோற்று இறங்கினால்தான் அந்த நாடு ஜனநாயகக் கணக்கில் சேரும். ஜப்பானில் 1955 முதல் ஆண்ட லிபரல் ஜனநாயகக் கட்சி 1993-இல் ஆட்சியை இழந்தது. அதனால் அதற்கு முந்தைய ஆண்டுகளும் ஜனநாயக ஆண்டுகளாக எண்ணப்பட்டன. போட்ஸ்வானாவில் அப்படி எதுவும் நடக்காமலே இருந்தது. இப்போது நடந்துவிட்டது. அந்த விதியை அப்படியே பின்பற்றினால், 1966-லிருந்தே அது ஜனநாயகம்தான் என்று பழைய பக்கங்களை எல்லாம் திருத்த வேண்டும்.

இதே விதியை நம் நாட்டின் மேல் வைத்துப் பாருங்கள். முதல் பொதுத்தேர்தலிலிருந்து 1971 வரை ஐந்து மக்களவைத் தேர்தல்களிலும் காங்கிரஸ் வென்றது. 1962-இல் ஓர் ஆய்வாளர் இந்தியாவை இந்த விதியால் அளந்திருந்தால் சர்வாதிகாரம் என்று குறித்திருப்பார். நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976-இல் அளந்திருந்தாலும் அதே குறிதான் போட்டிருப்பார். 1977 மார்ச்சில் காங்கிரஸ் தோற்ற மறுநாள், இரண்டு ஆண்டுகளும் சேர்ந்தாற்போல் ஜனநாயகப் பக்கத்துக்கு மாறியிருக்கும். நேரு நாடாளுமன்றத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுக்கும், எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்த ஆண்டுக்கும் இடையே அந்த அளவுகோலுக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

இதைச் சொல்வதால் அந்த விதியை நான் மதிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். மிகவும் மதிக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு சென்னையில் ஒருவரும் சான்டியாகோவில் ஒருவரும் தனித்தனியே உட்கார்ந்து வேலை செய்தால், இருவரும் ஒரே விடைக்கு வந்து சேர்வார்கள். யாருடைய அரசியல் சாய்வும் அதற்குள் நுழைய முடியாது. தங்கள் விதி எந்தப் பக்கமாகத் தவறும் என்பதையும் அவர்களே எழுதிவைத்தார்கள். அளவீட்டில் இது பெரிய நேர்மை. ஆனால் அந்த உறுதியை அவர்கள் ஒரு விலை கொடுத்தே வாங்கினார்கள். அந்த விலை என்ன என்பதே இன்றைய என் பேச்சு.

ஓர் அளவுகோலிடம் நாம் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே விடை வருகிறதா? இது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா? இது ஏற்புடைமை. அடி நசுங்கிய படியால் அரிசி அளக்கும் கடையில் காலையில் வாங்கினாலும் மாலையில் வாங்கினாலும் ஒரே அளவுதான் கிடைக்கும்; ஒவ்வொரு முறையும் ஒரு பிடி குறைவாகக் கிடைக்கும். நம் துறையில் பெரும்பாலானோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். காரணம் எளிது. நம்பகத்தன்மையைக் கணக்குப் போட்டுக் காட்டலாம். 1951-இல் குரோன்பாக் கொடுத்த ஆல்ஃபா இருக்கிறது. மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் 0.8 என்று வரும். ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிவிடலாம். ஏற்புடைமைக்கு அப்படி ஓர் எண் கிடையாது. அதை வாதிட்டுத்தான் நிறுவ வேண்டும்.

வாதம் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு ராபர்ட் அட்காக்கும் டேவிட் கோலியரும் 2001-இல் எழுதிய கட்டுரை நல்ல வழிகாட்டி. ஒரு கருத்தைச் சுற்றி மக்கள் நினைக்கும் பல அர்த்தங்கள் ஒரு படி. அவற்றிலிருந்து ஆய்வாளர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் திட்டமான வரையறை அடுத்த படி. வரையறையைப் பிடித்துக்காட்டும் குறியீடுகள் மூன்றாவது. ஒவ்வொரு நாட்டுக்கும், ஒவ்வொரு மனிதருக்கும் நாம் போடும் மதிப்பெண் நான்காவது. பழுது பெரும்பாலும் இரண்டாவது படியில் நேர்கிறது, நாம் தேடுவதோ நான்காவது படியில்.

சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். டெட் கர் தொடங்கிய பாலிட்டி தரவுத்தொகுப்பில் நாடுகளுக்கு -10 முதல் +10 வரை மதிப்பெண் உண்டு. அதில் சுவிட்சர்லாந்து 1848 முதலே +10. அந்த நாட்டுப் பெண்களுக்குத் தேசியத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1971-இல். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தில் மாநில அளவிலான வாக்குரிமைக்கு 1990-இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. மக்கள்தொகையில் பாதிப் பேர் வாக்குச்சாவடிக்குள் நுழைய முடியாத நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முழு மதிப்பெண்! மதிப்பெண் போட்டவர்கள் கவனக்குறைவாக இருந்ததால் இது நேரவில்லை. அதிகாரப் போட்டி, அதிகாரத்தின் மீதான தடைகள் ஆகியவற்றை அவர்கள் வரையறைக்குள் வைத்தார்கள். யாருக்கெல்லாம் வாக்கு உண்டு என்பதை வெளியே விட்டார்கள். அதே தலைமுறையில், 1971-இல், ராபர்ட் டால் தன் நூலில் போட்டியும் பங்கேற்பும் ஆகிய இரண்டும் வேண்டும் என்று எழுதியிருந்தார். இரண்டில் ஒன்றை விட்டுவிட்ட கோலால் அளந்து, ஜனநாயகம் போரைத் தடுக்குமா, வளர்ச்சியைத் தருமா என்று எத்தனையோ ஆய்வுகள் வெளிவந்துவிட்டன. பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை என்பதை அவற்றைப் படிப்பவர்களில் பலர் அறியமாட்டார்கள். எனக்கு இது சிறிய குறையாகப் படவில்லை.

நாடுகளை விடுங்கள், மனிதர்களிடம் வருவோம். இங்கே சிக்கல் இன்னும் நுட்பமானது.

1954-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஸ்டூஃபர் ஏறத்தாழ 5,000 அமெரிக்கர்களிடம் சகிப்புத்தன்மையை அளந்தார். கம்யூனிஸ்ட் ஒருவர் உங்கள் ஊரில் பேசலாமா? அவர் எழுதிய நூல் பொது நூலகத்தில் இருக்கலாமா? அவர் கல்லூரியில் பாடம் நடத்தலாமா? சோஷலிஸ்டுகள் பற்றியும் நாத்திகர்கள் பற்றியும் இப்படியே கேட்டார். கம்யூனிஸ்டுகளைத் தேடித் தேடி வேட்டையாடிய செனட்டர் மெக்கார்த்தியின் காலம் அது. கூடாது என்ற குரலே ஓங்கி ஒலித்தது. எழுபதுகளில் அதே கேள்விகளை மீண்டும் கேட்டபோது எண்கள் நன்றாக உயர்ந்திருந்தன. அமெரிக்கர்கள் சகிப்புத்தன்மை மிக்கவர்களாக மாறிவிட்டார்கள் என்று எழுதினார்கள்.

ஜான் சலிவன், ஜேம்ஸ் பியர்சன், ஜார்ஜ் மார்கஸ் ஆகிய மூவரும் 1979-இல் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார்கள். எனக்கு ஒருவர் மேல் வெறுப்பே இல்லை என்றால், அவர் பேசுவதை நான் அனுமதிப்பது சகிப்பு ஆகுமா? பிடிக்காத ஒன்றைப் பொறுத்துக்கொள்வதற்குத்தானே அந்தப் பெயர்? இருபது ஆண்டுகளில் கம்யூனிஸ்டுகள் மீதான அச்சம் தணிந்திருந்தது. ஸ்டூஃபரின் கோல் அந்தத் தணிவைத்தான் பதிவு செய்ததோ என்று ஐயப்பட்டார்கள். ஆகவே கேட்கும் முறையை மாற்றினார்கள். முதலில் ஒரு பட்டியலைக் கொடுத்து, இவற்றில் உங்களுக்கு அறவே பிடிக்காத குழு எது என்று கேட்டார்கள். கூ கிளக்ஸ் கிளான், நாஜிகள், கறுப்புச் சிறுத்தைகள், கம்யூனிஸ்டுகள் என்று ஆளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். பிறகு அந்தக் குழுவை வைத்தே பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை பற்றிக் கேட்டார்கள். முன்பு கண்ட உயர்வின் பெரும்பகுதி காணாமல் போனது. வெறுப்பு வேறு வேறு இலக்குகளுக்குச் சிதறியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த ஆய்வை நான் ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் நடத்துவதற்குக் காரணம், ஸ்டூஃபரின் கேள்விகளில் நம்பகத்தன்மைக் குறை எதுவும் இல்லை என்பதுதான். யார் போய்க் கேட்டாலும் ஏறத்தாழ அதே விடை வந்திருக்கும். ஒரு கருத்தைப் பற்றி ஆழமாக யோசித்த மூவர் வந்து, இந்தச் சொல்லுக்கு நாம் உண்மையில் என்ன பொருள் கொள்கிறோம் என்று கேட்டபோதுதான் பழுது தெரிந்தது. நம் ஊரில் சாதி கடந்த சகிப்பை அளக்கப் புறப்படும் மாணவர்கள் இதை மனத்தில் வையுங்கள். எல்லோரிடமும் ஒரே சாதியின் பெயரைச் சொல்லிக் கேட்டால், சிலரிடம் நீங்கள் சகிப்பை அளக்கிறீர்கள், சிலரிடம் நட்பை அளக்கிறீர்கள்.

கேள்வியின் சொற்கள் செய்யும் வேலையும் குறைந்ததல்ல. டொனால்ட் ரக் 1941-இல் வெளியிட்ட ஒரு முடிவு: ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளைத் தடை செய்ய வேண்டுமா என்று கேட்டபோது, கருத்துச் சொன்னவர்களில் 54 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். அத்தகைய பேச்சுகளை அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டாம் என்றவர்கள் 75 விழுக்காடு. இரண்டும் ஒரே நிலைப்பாடு. தடை என்ற சொல்லை வாயால் சொல்லத் தயங்கியவர்கள்தான் அந்த இடைவெளியில் நிற்கிறார்கள்.

ஒரே சொற்றொடரைக் கேட்டாலும் இரண்டு நாட்டவர் இரண்டு விதமாக எடுத்துக்கொள்வார்கள். அரசை ஒரு விஷயத்தில் செயல்பட வைக்க உங்கள் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்று சீனாவிலும் மெக்சிகோவிலும் கேட்டார்கள். மெக்சிகோவில் பாதிக்கு மேற்பட்டோர் மதிப்பே இல்லை என்றார்கள். சீனாவில் அப்படிச் சொன்னவர்கள் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. 71 ஆண்டுகள் ஆண்ட கட்சியை 2000-இல் வாக்கால் இறக்கிய மெக்சிகோவை விட, போட்டித் தேர்தலே இல்லாத சீனாவில் குடிமக்கள் வலிமை மிக்கவர்களா? கேரி கிங்கும் உடன் பணியாற்றியவர்களும் 2004-இல் ஒரு வழி சொன்னார்கள். கேள்வியோடு சில கற்பனை மனிதர்களின் நிலைமையையும் சொல்லி, அவர்களுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். அதில் ஒருவருக்கு நல்ல குடிநீர் இல்லை, வாக்குரிமை இல்லை, கேட்பார் யாரும் இல்லை. அவர் வாய் திறக்காமல் துன்பப்படுகிறார். சீனாவில் பதில் சொன்னவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர், தங்களை அந்த மனிதருக்கும் கீழே வைத்தார்கள். இந்தத் திருத்தத்துக்குப் பிறகு இரு நாடுகளின் வரிசை தலைகீழானது. ஓரளவு மதிப்பு என்று ஒருவர் சொல்லும்போது அந்த அளவு எது என்பது அவருடைய வாழ்க்கைக்குள் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்காமல் நாடுகளை ஒப்பிட முடியாது.

இனி நம் நாட்டில் சூடு கிளப்பிய விஷயம். 2021-இல் ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பு இந்தியாவின் மதிப்பெண்ணை 71-லிருந்து 67-ஆகக் குறைத்து, பகுதிச் சுதந்திர நாடு என்று வகைப்படுத்தியது. அதே ஆண்டு ஸ்வீடனின் கோதென்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் வி-டெம் நிறுவனம், இந்தியா தேர்தல் வழி எதேச்சதிகாரம் ஆகிவிட்டது என்றது. அரசு மறுத்தது. 2022 நவம்பரில் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவிலிருந்து சஞ்சீவ் சான்யாலும் ஆகாங்க்ஷா அரோராவும் ஓர் ஆய்வறிக்கை எழுதினார்கள். இவை ஒரு சில நிபுணர்களின் அகவயக் கருத்துகள் என்பதும், நெருக்கடி நிலைக் காலத்தோடு இன்றைய இந்தியாவை ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது என்பதும் அவர்கள் வாதம்.

நம் ஊடகங்களில் இது கட்சிச் சண்டையாக முடிந்துபோனது எனக்கு வருத்தம். அதில் ஒரு நல்ல அளவீட்டுக் கேள்வி இருந்தது. நிபுணர்களின் கருத்தை அளந்தால் நிலவரத்தை அளந்ததாகுமா? இந்தோனேசியாவின் ஜாவாவில் பெஞ்சமின் ஓல்கன் செய்த ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் புதிதாகப் போட்ட சாலைகளைத் துளையிட்டு, மாதிரி எடுத்து, உண்மையில் எவ்வளவு பொருள் போட்டிருக்கிறார்கள் என்று பொறியாளர்களைக் கொண்டு கணக்கிட்டார். கணக்கில் காட்டிய செலவுக்கும் இதற்கும் உள்ள இடைவெளியே ஊழல். பிறகு ஊர்மக்களின் எண்ணத்தோடு ஒப்பிட்டார். மக்களுக்கு ஏதோ தெரிந்திருந்தது, ஆனால் மிகக் கொஞ்சம். பல இனத்தவர் கலந்து வாழ்ந்த ஊர்களில் ஊழல் பற்றிய சந்தேகம் அதிகம், காணாமல்போன பணமோ குறைவு. அந்த ஊர்களில் கருத்துக்கணிப்பு மட்டும் நடத்தியிருந்தால் நேர் எதிரான முடிவு வந்திருக்கும்.

ஜனநாயகத்தைத் துளையிட்டுப் பார்க்க முடியாது. ஆண்ட்ரூ லிட்டிலும் ஆன் மெங்கும் 2024-இல் ஒரு முயற்சி செய்தார்கள். ஆளுங்கட்சிகள் எவ்வளவு அடிக்கடி தோற்கின்றன என்பது போன்ற புறவயக் குறியீடுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, உலகம் முழுக்க ஜனநாயகம் சரிகிறது என்பதற்குச் சான்று குறைவு என்றார்கள். வி-டெம் ஆய்வாளர்கள் விடையிறுத்தார்கள்: எண்ண எளிதானவை எல்லாம் முக்கியமானவை ஆகிவிடாது, இன்றைய ஆட்சியாளர்கள் எண்ணில் சிக்காத வழிகளில்தான் பத்திரிகையையும் நீதிமன்றத்தையும் வளைக்கிறார்கள். என் மனம் இரண்டாவது தரப்பின் பக்கம் சாய்கிறது. வாக்கு எண்ணிக்கை நேர்மையாக இருக்கும்போதே செய்தியாளர்கள் எழுத அஞ்சும் நிலை வரலாம். அந்த அச்சத்தை அறிந்தவர்களிடம் கேட்காமல் வேறு எங்கே கேட்பது? ஆனால் என் சாய்வை யாரும் நம்ப வேண்டியதில்லை. வி-டெம் ஒவ்வொரு கேள்விக்கும் வழக்கமாக ஐந்து பேராவது மதிப்பிடும்படி செய்கிறது. அவர்கள் எங்கே முரண்படுகிறார்கள் என்பதிலிருந்து பிழை எல்லையைக் கணித்து மதிப்பெண்ணோடு வெளியிடுகிறது. பெயரை மறைத்துத் தனித்தனி மதிப்பீடுகளையும் தருகிறது. இந்தியாவுக்கான எண் தவறு என்று கருதும் ஆய்வாளர் அந்தக் கோப்பைப் பதிவிறக்கி மறுகணக்குப் போடலாம். இரு தரப்பிலும் சத்தம் போட்டவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள்?

நேரம் ஆகிறது. நம் மாநிலத்துக்குத் தேவையான ஓர் அளவீட்டைச் சொல்லிவிடுகிறேன். 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் நிறுத்தப்பட்டது. 2017-இல் ஆர்.கே. நகரில் இடைத்தேர்தல் ரத்தானது. 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது. எல்லாவற்றுக்கும் காரணம் பணப் பட்டுவாடா. ஒவ்வொரு தேர்தலிலும் பறக்கும் படை இவ்வளவு கோடி பிடித்தது என்று பட்டியல் வருகிறது, எந்த மாவட்டத்தில் பணம் அதிகம் பாய்ந்தது என்று நாமும் பேசுகிறோம். பிடிபட்ட தொகையில் பணத்தின் அளவும் இருக்கிறது, படையின் சுறுசுறுப்பும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க அந்தப் பட்டியலில் வழி இல்லை. ஒரு ரூபாயும் பிடிபடாத தொகுதி மிகத் தூய்மையானதாகவும் இருக்கலாம், மிக மோசமானதாகவும் இருக்கலாம்.

நிகரகுவாவில் 2008 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு ஒரு முறையைச் சோதித்தார்கள். நேராகக் கேட்டபோது, வாக்குக்காகப் பொருள் பெற்றதாக ஒப்புக்கொண்டவர்கள் 2.4 விழுக்காடு. இன்னொரு வழியில், மக்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சில சாதாரணத் தேர்தல் நிகழ்வுகளின் பட்டியல். மறு பாதிக்கு அதே பட்டியலோடு, பரிசு கொடுத்தார்கள் என்பதும் சேர்த்து. எவை என்று சொல்ல வேண்டாம், எத்தனை நடந்தன என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். இரு பாதிகளின் சராசரிக்கு இடையிலான வேறுபாடு, பெற்றவர்கள் சுமார் 24 விழுக்காடு என்று காட்டியது. தனி மனிதர் யாரும் காட்டிக்கொடுக்கப்படவில்லை. இந்த முறைக்கு அதிகம் பேரைச் சந்திக்க வேண்டும், ஏனென்றால் அதன் பிழை எல்லை அகலமானது.

இதை இங்கே அப்படியே கொண்டுவந்து நடலாமா என்றால், எனக்குத் தயக்கம் உண்டு. நிகரகுவாவில் அதைச் சொல்லக் கூச்சம் இருந்தது. நம் தெருக்களில் எந்தக் கட்சி எவ்வளவு கொடுத்தது என்று டீக்கடையில் வெளிப்படையாகப் பேசுகிறார்கள். படிவத்தோடு வரும் அந்நியரிடம் அதே ஆள் மௌனமாகிறார். பணம் வீடு தேடி வந்தது, அதை வாங்கிக்கொண்டார், அதனால் வாக்கை மாற்றினார் என்ற மூன்றும் தனித்தனி நிகழ்ச்சிகள்; வாக்கு விலைபோவது என்று நாம் சொல்வது எதை? இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு மனத்துக்குப் பிடித்தவருக்குப் போட்ட அம்மாவை அந்தக் கணக்கில் எங்கே வைப்பீர்கள்? அடுத்த தேர்தலுக்கு இந்த ஆய்வைக் கையில் எடுக்க நினைக்கும் மாணவர்கள், மூன்றில் எதை அளக்கிறீர்கள் என்பதை முதலில் தாளில் எழுதி, அதை ஏற்காத ஒருவரிடம் காட்டி விவாதித்துவிட்டு, அதன் பிறகு படிவத்தை அச்சுக்குக் கொடுங்கள்.